ரயிலில் செத்தால் இரட்டிப்பு

அக்டோபர் 10, 2023, செவ்வாய் – லாஸ் ஏஞ்சலஸ்

மகள் வீட்டில் இரண்டு மாதம் இருக்கப் போனவன், நடுவில் நாலு நாள் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தனியாகப் போய் வருகிறேன் என்றதும் வீட்டில் ஒரே பேச்சு. “யுனிவர்சல் ஸ்டுடியோ பாக்கணுமா மாமா? டிக்கெட் போட்டுத் தர்றேன்” என்றார் மாப்பிள்ளை. கிளெண்டேல் என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும் என்றேன். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டார். ஒரு கதையில் ஒரு கொலைகாரன் அங்கேதான் ரயில் ஏறினான் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் 31 வருஷம் வேலை பார்த்தேன். அதில் 19 வருஷம் க்ளைம் பிரிவு. 1987-ல் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய ‘டபுள் இண்டெம்னிட்டி’ கண்ணில் பட்டது. தலைப்பைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. விபத்தில் இறந்தால் இரண்டு மடங்கு தொகை. நாங்கள் ‘டபுள் ஆக்சிடென்ட் பெனிஃபிட்’ என்று தினமும் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்த விஷயம். நின்ற இடத்திலேயே பத்துப் பக்கம் படித்தேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன், மோட்டார் பாலிசியைப் புதுப்பிக்க ஒரு வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்காரர் இல்லை. மனைவி இருக்கிறாள். விபத்துப் பாலிசி பற்றி அவள் பட்டும் படாமலும் விசாரிக்கிறாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது அவனுக்கு அந்த நொடியே புரிந்துவிடுகிறது. புரிந்தும் மறுபடி போகிறான்.

இன்றைக்கு வெயில் மதுரை வெயில்தான். ஈரப்பதம் இல்லாததால் வியர்க்கவில்லை, உதடுதான் வெடித்தது. கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில், 1917-லிருந்து நடக்கும் சந்தை, சால்வடோர்காரர் கடையில் புபுசா வாங்கினேன். சோள மாவில் சீஸும் பீன்ஸும் வைத்துத் தட்டிச் சுட்ட தடித்த ரொட்டி. ஊறவைத்த முட்டைக்கோஸ் தொட்டுக்கொள்ள. இரண்டு புபுசா, ஒரு தண்ணீர் பாட்டில், 13 டாலர். கல்லில் தட்டிப் போடும் அந்த அம்மாள் கை ஓயாமல் வேலை செய்துகொண்டே என் தட்டைக் கவனித்து, முட்டைக்கோஸ் தீர்ந்ததும் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார்.

எதிரே ஏஞ்சல்ஸ் ஃபிளைட். 1901-ல் போட்ட, மலைச் சரிவில் ஏறும் குட்டி ரயில். ஒரு டாலர் கொடுத்தால் மேலே பங்கர் ஹில். அந்தக் காலத்துக் குற்றக் கதைகளின் வாடகை அறைகளும் இருட்டு மாடிப்படிகளும் இருந்த மேடு. அந்த மர வீடுகளையெல்லாம் இடித்துவிட்டார்கள். இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டேன்.

அக்டோபர் 11, புதன் – ஹாலிவுட் மேடு

1944-ல் பில்லி வைல்டர் அந்தக் கதையைப் படமாக எடுத்தார். திரைக்கதையில் அவரோடு உட்கார்ந்தவர் குற்றக் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர். இருவருக்கும் ஒத்தே போகவில்லை என்பது ஊரறிந்த சேதி. அந்தப் படத்தில் வரும் வீட்டின் வெளிப்புறம் கியூபெக் டிரைவ் என்ற தெருவில் இன்றும் அப்படியே இருக்கிறது. சப்வேயில் 1.75 டாலருக்கு ஹாலிவுட் வைன் ஸ்டேஷன் வரை வந்தேன். அதற்குப் பிறகு நடைதான்.

ஃபிராங்க்ளின் அவென்யூவைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக வளைந்து ஏறுகிறது. நடைபாதை கிடையாது. பாதி ஏற்றத்தில் வலது செருப்பின் வார் அறுந்தது. தார் ரோடு காலைச் சுட்டது. கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாய்களோடு இறங்கி வந்த, எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா நின்று, “உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். செருப்பைக் காட்டினேன். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்த தண்ணீரும் அகலமான ஒட்டு நாடாவும் கொண்டுவந்தார். அவரே குனிந்து சுற்றப் போனார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, வாங்கி நானே சுற்றினேன். எந்த வீடு என்று நான் கேட்கும் முன்பே கையை நீட்டிக் காட்டினார். என்னைப் போல வருகிறவர்கள் உண்டு போலிருக்கிறது.

வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, ஸ்பானிய பாணி. யாரோ குடியிருக்கும் வீடு என்பதால் எதிர்ப்பக்கம் இரண்டு நிமிஷம் நின்றேன், படம் எடுக்கவில்லை. அந்தக் கதவுக்குள் நுழைந்த ஏஜென்ட் முதலில் பார்ப்பது மாடியில் நிற்கும் மனைவியை, அந்த வேஷத்தில் பார்பரா ஸ்டான்விக். படியிறங்கும்போது அவள் கணுக்காலில் ஒரு மெல்லிய சங்கிலி. அதன்மேல் விழுந்த கண்ணை அவனால் எடுக்க முடிவதில்லை. கைக்குழந்தைக்கும் கொலுசு போடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, ஒரு சங்கிலி ஒருவனை இந்தப் பாடு படுத்துமா என்று முதல் முறை படம் பார்த்தபோது தோன்றியது. மறுமுறை பார்த்தபோதுதான் விளங்கியது. அவன் ஆசை அவள்மேல் மட்டும் இல்லை. வருஷக்கணக்காக மற்றவர்களின் பொய் க்ளைம்களைப் பார்த்தவன் அவன். யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒன்றைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்ற நமைச்சல் அவள் வருமுன்பே உள்ளே இருக்கிறது. ஒரே துறையில் நெடுநாள் இருந்தவர்களுக்கு இந்த நமைச்சல் தெரியும். நான் செய்ததில்லை, நினைத்ததே இல்லை என்று சொன்னால் பொய்.

இரவு அறையில் ரூத் ஸ்னைடர் பற்றிய பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன். கெய்னுக்குப் பொறி கொடுத்தது அந்த வழக்கு. 1927 மார்ச்சில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ரூத்தும் அவளுடைய காதலன் ஜட் கிரேயும் சேர்ந்து அவள் கணவன் ஆல்பர்ட்டைக் கொன்றார்கள். கிரே பெண்களின் உள்ளாடை விற்ற விற்பனையாளர். கணவனுக்கு விவரம் தெரியாமல் கையெழுத்து வாங்கிய பாலிசி, அதில் விபத்துக்கு இரட்டைத் தொகை. பிடிபட்டதும் இருவரும் பழியை ஒருவர் தலையில் ஒருவர் போட்டார்கள். 1928 ஜனவரி 12 இரவு சிங் சிங் சிறையில் ஒருவர் பின் ஒருவராக மின்சார நாற்காலி. கணுக்காலில் கேமராவைக் கட்டி மறைத்துக்கொண்டு போன ஒரு பத்திரிகைக்காரர் அவள் சாகும் நொடியைப் படமெடுத்தார். அங்கேயும் ஒரு கணுக்கால். அதைப் படித்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 12, வியாழன் – கிளெண்டேல்

காலையில் முதல் வேலையாக 22 டாலருக்கு ரப்பர் செருப்பு. யூனியன் ஸ்டேஷனிலிருந்து கிளெண்டேல் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். 1920-களில் கட்டிய ஸ்டேஷன், பழைய மிஷன் தேவாலய பாணியில் சின்னதாக, அழகாக இருக்கிறது. பிளாட்பாரத்தில் மூன்று பேர். ஒரு பையன் ஸ்கேட் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு பெஞ்சில் இடம் விட்டு எழுந்து நின்றான். உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டான்.

காரில் இந்த ஸ்டேஷனுக்கு வரும் வழியில்தான் கணவன் கொல்லப்படுகிறான். படத்தில் கொலையைக் காட்டுவதில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும் மனைவியின் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். அது போதும். பிறகு ஏஜென்ட் வால்ட்டர், கணவனின் ஊன்றுகோல்களை இடுக்கிக்கொண்டு அவன் வேஷத்தில் ரயிலேறி, கடைசிப் பெட்டியின் பின்கட்டிலிருந்து குதிக்கிறான். பிணத்தைத் தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். ரயிலில் சாவது அபூர்வம். அதனால் ரயிலில் செத்தால் இரட்டிப்பு. 50,000 டாலர், 1,00,000 ஆகும்.

பிடிப்பது போலீஸ் இல்லை, கீஸ். க்ளைம் மேனேஜர். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்திருப்பார். சினிமாவில் எங்கள் வேலை பார்ப்பவனை இத்தனை மரியாதையோடு வேறு யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. தற்கொலை என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்க்கும் முதலாளியிடம், தற்கொலைகளுக்கு அட்டவணை இருக்கிறது என்று கீஸ் பொரிந்து தள்ளுகிறார்: எந்த இனம், எந்தத் தொழில், எந்தப் பருவம், எந்த நேரம், எந்த முறை என்று. மெதுவாகப் போகும் ரயிலின் பின்னாலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டவன் அதில் ஒருவன்கூட இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு இடம். அந்த மனிதனுக்கு முன்பே கால் உடைந்தது, விபத்துப் பாலிசி கையில் இருந்தது, ஏன் க்ளைம் போடவில்லை? பாலிசி இருப்பதே அவனுக்குத் தெரியாது! ஃபைலில் இருப்பதை எல்லாரும் படிப்பார்கள். இருக்க வேண்டியது ஏன் இல்லை என்று கேட்பவன்தான் க்ளைம் பார்க்கத் தெரிந்தவன்.

அந்த கீஸாக நானும் ஆசைப்பட்டேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

1996-ல் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒருவர் பம்ப்செட் கிணற்றில் விழுந்து இறந்தார். பாலிசி போட்டு ஏழு மாதம். எர்லி க்ளைம், விசாரிக்காமல் விட முடியாது. அப்போது இரண்டு வருஷத்துக்குள் வரும் க்ளைம் என்றால் சட்டப்படி எதையும் கிளறலாம். இப்போது அது மூன்று வருஷம். போனேன். நாமினி மனைவி, முப்பது வயசு. ஏஜென்ட் அவளுடைய அத்தை மகன், கல்யாணம் ஆகாதவர். விபத்துப் பயனும் சேர்த்துப் போட்ட பாலிசி. அந்தப் பெண் அழவில்லை. கேட்டதற்கெல்லாம் நேராக என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். என் மனசுக்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மாடிப்படியில் இறங்கி வரும் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஏஜென்ட்டுக்கும் நாமினிக்கும் உள்ள உறவு விசாரிக்கத் தக்கது’ என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். ஒரே ஒரு வரி.

அந்த வரி ஆபீஸோடு நிற்கவில்லை. மறு விசாரணைக்குப் போனவர் ஊரில் நாலு பேரிடம் கேட்டார். கேட்டதே போதுமானதாக இருந்தது. ஏஜென்ட் ஊரை விட்டுப் போனார். ஸ்டார்ட்டரில் மின்கசிவு, ஷாக் அடித்து விழுந்திருக்கிறார் என்று எல்லாக் காகிதமும் வந்து சேர 16 மாதம் ஆனது. பணம் கொடுத்தோம், இரட்டிப்பாகவே. அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. “எங்க கையெழுத்துப் போடணும் சார்?” என்று மட்டும் கேட்டாள்.

கிளெண்டேலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்த ரயில்களெல்லாம் போயின. அந்தப் படத்தில் ஊரார் மோசடியையெல்லாம் பிடிக்கும் கீஸ், கூடவே இருந்த வால்ட்டரைப் பிடிக்கத் தவறுகிறார். மகன் மாதிரி நேசித்தவன், மேஜைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கேட்டால், அதில் வரும் பெரிய துரோகம் அதுதான். மனைவி கணவனுக்குச் செய்தது இரண்டாவது. கீஸ் சுருட்டுக்குப் படம் முழுக்க நெருப்பு வைத்தவன் வால்ட்டர். கடைசியில் ரத்தம் ஒழுகக் கிடக்கும் அவன் சிகரெட்டுக்கு கீஸ் நெருப்பு வைக்கிறார். கீஸ் தான் நேசித்தவனைச் சந்தேகப்படாமல் தவறினார். நான் தெரியாதவளைச் சந்தேகப்பட்டுத் தவறினேன்.

மாலை ஹாலிவுட் பூல்வார்டில் முஸ்ஸோ அண்ட் ஃபிராங்க் உணவகம். 1919-ல் திறந்தது, எழுத்தாளர்கள் குடித்துத் தீர்த்த இடம். வியாழக்கிழமை மட்டும் சிக்கன் பாட் பை என்றார்கள். மேலே உப்பிய மாவு மூடி, உள்ளே கோழியும் பட்டாணியும் வெள்ளைக் குழம்பில். காரமே இல்லை, ஆனால் வயிற்றுக்கு இதம். சிவப்புக் கோட் போட்ட முதிய பரிமாறுபவர் நான் பாதியில் நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, “ஏதாவது குறையா ஐயா?” என்றார். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்றேன். டீ, டிப்ஸ் எல்லாம் சேர்த்து 55 டாலர்.

அக்டோபர் 13, வெள்ளி – ரயிலில், வடக்கே

வண்டி மூன்று மணி நேரம் தாமதம். நடுவழியில் சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு நின்றது, நின்றதுதான். காபி சூடாக இல்லை. ஆனால் சாண்டா பார்பராவுக்குப் பிறகு கடல் ஜன்னலை ஒட்டியே ஓடிவந்தது. எதிர் இருக்கையில் இருந்த பாட்டி உரித்த ஆரஞ்சில் பாதியை, என்னை ஒன்றும் கேட்காமல், காகிதத்தில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

கையில் கெய்னின் முதல் நாவல், 1934-ல் வந்த ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’. பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சாலையோரச் சாப்பாட்டுக் கடை, கிரேக்கக் கணவன் நிக், மனைவி கோரா, வேலைக்கு வந்த நாடோடி ஃபிராங்க். கெய்ன் வழக்கமாகப் பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு பெண் இருந்தாளாம். பிறகு ஒருநாள், அப்படி ஒரு பெட்ரோல் நிலையத்துப் பெண் கணவனைக் கொன்ற செய்தியைப் பேப்பரில் படித்தாராம்.

நிக்கை மலைச்சாலையில் கொல்கிறார்கள். அவன் எதிரொலி கேட்பதற்காக உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டிருக்கிறான். பின்னாலிருந்து பாட்டில் மண்டையில் இறங்குகிறது. அவன் செத்த பிறகு அவன் குரல் மலையில் மோதித் திரும்பி வருகிறது. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். குற்ற உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை, எதிரொலி மட்டும்தான் இருக்கிறது.

பிறகு நடப்பது இன்னும் கொடுமை. சிக்கிக்கொண்டதும் அரசு வக்கீல் ஃபிராங்கை மிரட்டி, கோராவுக்கு எதிராகவே கையெழுத்து வாங்கிவிடுகிறார். தெரிந்ததும் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். அவர்களைக் காப்பாற்றுவது வக்கீலின் சாமர்த்தியமும், இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணக்கணக்கும். விடுதலை ஆகிறார்கள். கடை அவர்களுக்கே, பணம் அவர்களுக்கே, ஒருவருக்கு ஒருவர் கிடைத்தாயிற்று. ஆனால் இனி ஒருவர் முகத்தை ஒருவர் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ஒரு வீட்டுக்குள் இரண்டு சாட்சிகள். தன் கதைகள் நிறைவேறிவிட்ட ஆசையைப் பற்றியவை என்று கெய்னே சொல்லியிருக்கிறார். எங்கள் பாட்டி சாமி கும்பிடும்போது, நினைத்ததைக் கொடு என்று கேட்கமாட்டாள். நல்லதைக் கொடு என்பாள். ரயில் நின்றிருந்த அந்த நேரத்தில் அவள் நினைவு வந்தது.

மகள் சான் ஹோசே ஸ்டேஷனில் நடுராத்திரியில் காத்திருந்தாள். “என்னப்பா, முகமே சரியில்ல?” என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 14, சனி – சான் ஃபிரான்சிஸ்கோ

மகளும் கூட வந்தாள். இங்கே காற்று எலும்பைத் தொடுகிறது. அவளுடைய சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டேன். கேபிள் காருக்கு ஆளுக்கு 8 டாலர், அதற்கு முக்கால் மணி வரிசை. வேண்டாம் என்று நடந்தோம். ஸ்டாக்டன் சுரங்கப்பாதைக்கு மேலே, புஷ் தெருவில் பர்ரிட் என்று ஒரு சந்து. அதன் முனையில் ஒரு பித்தளைப் பலகை. துப்பறிவாளன் சாம் ஸ்பேடின் தொழில் பங்காளி மைல்ஸ் ஆர்ச்சரை பிரிஜிட் ஓஷானஸி முடித்தது ஏறத்தாழ இந்த இடத்தில் என்று எழுதியிருக்கிறது. டாஷியல் ஹேமட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலில் நடந்த கொலை. நடக்காத கொலைக்கு, யார் செய்தது என்பதையும் சேர்த்துப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுதான் மகளிடம் 1996 கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். “அந்த ஏஜென்ட் திரும்பி வந்தாராப்பா?” என்றாள். வரவில்லை. “அந்தப் பொண்ணுக்கு இப்ப என் வயசு இருக்கும்ல?” என்றாள். அந்தச் சின்னப் பெண்ணை நான் அதுவரை கணக்கிலேயே எடுக்கவில்லை.

எல்லிஸ் தெருவில் ஜான்ஸ் கிரில், 1908-ல் ஆரம்பித்தது. பக்கத்திலிருக்கும் ஃபிளட் கட்டடத்தில்தான் ஹேமட் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். நாவலில் ஸ்பேட் இங்கே சாப்பிட்ட ஆட்டு விலா, சுட்ட உருளைக்கிழங்கு, தக்காளித் துண்டுகள் அவன் பெயரிலேயே இன்றும் கிடைக்கிறது, 50 டாலரை ஒட்டி. ஒன்று வாங்கிப் பங்கிட்டோம். இன்னொரு தட்டு கேட்டதற்கு முகம் சுளிக்காமல் கொண்டுவந்தார்கள். கறி பஞ்சு மாதிரி. மகள் பையிலிருந்து மிளகுப் பொடியை எடுத்தாள்.

“அவன் கடைசில அவளைப் பிடிச்சுக் குடுத்துட்டானா?”

கொடுத்துவிட்டான் என்றேன். ஆசை இருந்தும் கொடுத்தான். பங்காளியைக் கொன்றவளை விட்டுவிடக் கூடாது என்றான். ஆனால் அதே பங்காளியின் மனைவி ஐவாவோடு அவனுக்கே தொடர்பு இருந்தது. மறுநாள் காலை ஆபீஸுக்கு வருகிறான். இத்தனை நாள் அவனை மெச்சிய செக்ரட்டரிப் பெண், என்னைத் தொடாதே என்று விலகிக்கொள்கிறாள். அவன் செய்தது சரி என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் விலகுகிறாள். வெளியே கதவுச் சத்தம். போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஐவா வந்திருக்கிறாள் என்கிறாள். அவன் உடம்பு நடுங்குகிறது.

மகள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உள்ள வரச் சொன்னானா?”

“வரச் சொன்னான்.”